ஆடிட் அன்று திறக்கும் கதவு

வாந்தி இல்லை, கண்ணு. நீ போனில் கேட்டது அதைத்தான். "வாந்தி ரொம்ப எடுக்கறாளாம்மா?" என்றாய். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தி அவர் முன்னால் சொல்லக்கூடிய சொல். மசக்கைக்காரி வாந்தி எடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்கூட உண்டு. கிருத்திகாவுக்கு இருப்பது வேறு. மலச்சிக்கல்.

எழுதிவிட்டேன். சர்க்கரை, மூட்டுவலி, கொழுப்பு, பித்தப்பைக் கல் எல்லாவற்றுக்கும் நம் சாப்பாட்டு மேசையில் இடம் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரைப் பார்த்துவிட்டு நீ திரும்பி வரும்போது இது உன் அறையில் இருக்கும். நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் பாதியில் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று செல்லை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாய். உன் மனைவியைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க அத்தை. எனக்கு அவருகிட்டச் சொல்ல வர்றதில்லை" என்றாள். ஒருதரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதற்கு வருகிறேன்.

கரு உறுதியானதும் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு. எல்லோருக்கும் கொடுக்கும் ஃபோலிக் மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். மூன்று மாதம் முடியும்வரை வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நாம் முடிவு செய்தோம். நாம் என்றால் நம் வீடும் தாராபுரத்தில் அவள் அம்மா வீடும். அவளைக் கேட்டோமா என்று நினைவில்லை. எல்லா வீட்டிலும் செய்வது என்பதால் அது ஒரு முடிவாகவே தோன்றவில்லை. அவள் வழக்கம்போல் உன்னோடு நம் பனியன் கம்பெனிக்கு வந்தாள். மெயில்களுக்குப் பதில் எழுதினாள், சாம்பிள் அனுப்பினாள், கலர் சரியில்லை என்று சாயம் போடும் டையிங்காரரிடம் சண்டை போட்டாள். எதுவும் மாறவில்லை என்று காட்டுவது அந்த வேலைகளோடு சேர்ந்த இன்னொரு வேலை.

உள்ளே எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. கரு தங்கியதும் குடல் மெதுவாகிவிடுமாம். மெதுவாக நகர்வதில் இருக்கும் தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் இறுகும். இரும்பு மாத்திரை சிலருக்கு அதை இன்னும் இறுக்கும். இதெல்லாம் டாக்டரம்மா சொல்லி எனக்கு இப்போதுதான் தெரியும். உன்னைச் சுமந்தபோது எனக்கும் இது இருந்தது. அப்போது யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்கெல்லாம் காரணம் இருக்கும் என்றே நினைத்ததில்லை.

காலையில் அவளால் எதுவும் சாப்பிட முடிவதில்லை. தோசைக்கல் காயும் வாசனைக்கே எழுந்து போகிறாள். கம்பெனிக்கு வந்தபிறகு, பதினோரு மணி டீக்கு, ஒரு பன்னை டீயில் தொட்டுச் சாப்பிடுகிறாள். அன்றைக்கு வயிற்றில் விழும் முதல் உணவு அது. அது விழுந்ததும்தான் குடல் அசைகிறது. அன்றைக்கு அவளுக்கு வருகிற ஒரே அழைப்பு அதுதான். அது வருகிற இடம் உன் கம்பெனி.

கம்பெனியில் பெண்களுக்கு நீ கட்டிய புதுக் கழிப்பறை இருக்கிறது. நன்றாகவே கட்டினாய். வெள்ளை டைல்ஸ், நல்ல தாழ்ப்பாள், சோப்புக்கு ஒரு பெட்டி, கதவில் பெண் உருவம். பையர் சார்பில் கம்பெனி வசதிகளைப் பார்க்க ஆடிட்டுக்கு வந்த ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கார் வெளியே போனதும் பூட்டினாய். "அழுக்காயிரும்மா. அடுத்த ஆடிட்டுக்கும் இப்படியே இருக்கோணும்" என்றாய். அதன்பிறகு அது ஆடிட் அன்று மட்டும் திறக்கிற கதவு. தைக்கிற பவர் டேபிளும் துணி சரிபார்க்கிற செக்கிங்கும் சேர்ந்து அத்தனை பெண்களும் பாய்லருக்குப் பின்னால் இருக்கும் பழையதற்குப் போகிறார்கள். அதில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவள் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். டீ நேரத்தில் வரிசை நிற்கும். இருக்கிற நேரத்தில் டீ குடிப்பதா வரிசையில் நிற்பதா என்று ஒவ்வொருத்தியும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஆபீஸ் பெண்கள் மட்டும் புதியதற்குப் போகலாம். சாவி கேட்டால் போதும். சாவி பழனிச்சாமி மேசையில். அவர் உனக்குப் பெரியப்பா முறை, நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதுதான் சங்கடம். ஒரு நாள் கிருத்திகா இரண்டாவது முறை சாவி கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன கண்ணு, இப்பத்தான போயிட்டு வந்தே? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் நாலைந்து பேர். அவர் சாயங்காலம் தன் வீட்டில் சொன்னால் மறுநாள் காலைக்குள் ஊத்துக்குளி வரை போய்விடும். மூன்று மாதம் முடியவில்லை. அன்றிலிருந்து அவள் சாவி கேட்பதை நிறுத்தினாள். சாவி கேட்காமல் இருக்க ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தது செக்கிங் செல்வி. தெற்கத்திப் பெண், நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறாள். ஆறு மாசத்துக்கு முன் கிருத்திகா செக்கிங் டேபிளில் பெரிய பாட்டிலோடு நின்றதைப் பார்த்துச் சொன்னாளாம்: "சின்னம்மா, அத உள்ள வைங்க. மத்தியானம் வரைக்கும் ஒரு மடக்குப் போதும். நாங்கல்லாம் அப்படித்தான இருக்கோம்." அன்றைக்கு இவள் சிரித்துவிட்டுக் குடித்திருக்கிறாள். இப்போது அந்த ஒரு மடக்கைப் பழகிக்கொண்டாள்.

எனக்கு இது புதிதில்லை. உன் அப்பா நாலு மெஷின் போட்டு ஆரம்பித்த புதிதில் பனியன் மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு இருவரும் காதர்பேட்டை பனியன் கடைகளுக்குப் போவோம். மூட்டை சரியாமல் இருக்க நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்வேன். எந்தக் கடைக்குப் போனாலும் கலர் சோடா வேண்டுமா, டீ வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாமுங்க என்பேன். மார்வாடி ஒருவர், உங்கள் வீட்டம்மா விரதமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பெருமையாக ஆமாம் என்றார். அங்கே பெண்கள் போக ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான். அது எங்கள் ஏழ்மையோடு சேர்ந்தது, ஏழ்மை போனால் அதுவும் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

அவள் உன்னிடம் சொன்ன நாளுக்கு வருகிறேன். காரில் வரும்போது சொல்லியிருக்கிறாள், மோஷன் போய் நாலு நாள் ஆச்சுங்க என்று. நீ "பப்பாளி சாப்பிடு" என்றாயாம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, பப்பாளி ஆகாதில்ல" என்றாயாம். இருவரும் சிரித்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது. மறுநாள் ஒரு பொடி வாங்கிக்கொண்டு வந்தாய். அக்கறை இல்லை என்று யாரும் உன்னைச் சொல்ல முடியாது. ஆனால் மருந்துக் கடைக்காரர் உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர். யாருக்கு என்று கேட்டார். "அப்பாவுக்குங்க" என்றாய்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ விமானம் ஏறிய அன்று அப்பா பிரஷர் மாத்திரை வாங்க அதே கடைக்குப் போனார். கூட்டத்துக்கு நடுவில் கடைக்காரர், "இப்ப நல்லாப் போகுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு வயித்துல கோளாறுன்னு ஊரே சொல்லுது. எனக்குத்தான் தெரியல" என்றார். அவர் வயதுக்கும் உடம்புக்கும் கொடுத்த பேதிப் பொடி அதற்குள் கிருத்திகாவின் வயிற்றுக்குள் போயிருந்தது. அவள் இரும்பு மாத்திரையையும் தானாகவே நிறுத்தியிருந்தாள். நம் இரண்டு பேருக்குமே அது தெரியாது.

மறுநாள் முற்பகல் எனக்குப் போன் வந்தது. "அத்தை, கம்பெனிக்குக் கொஞ்சம் வர முடியுங்களா?" ஆட்டோ பிடித்துப் போனேன். சாம்பிள் அறையில், தொங்கும் டீ-ஷர்ட்டுகளுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் வயிற்றைப் பிடித்து முறுக்கியிருக்கிறது. அன்றும் சாவி கேட்கவில்லை. பழைய கழிப்பறைக்குப் போய் பக்கெட்டை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலி. எழுந்து பார்த்தால் ரத்தம். பக்கெட் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, வெளியே காத்திருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாம்பிள் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பழனிச்சாமியிடம் சாம்பிள் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நொய்யல் பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் துணி ஏற்றிய வண்டிகள். அவள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

"போயிருச்சுங்களா, அத்தை?"

"தெரியல கண்ணு."

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் அன்று பொய் சொல்லத் தோன்றவில்லை. வண்டிகள் நகரும்வரை இருவரும் முன்னால் இருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போகவில்லை. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். திரையில் ஒரு கடுகு துடித்துக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தை வைத்தார். தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில் ஒரு சத்தம். கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரத்தம் அங்கிருந்து வரவில்லை. இறுகிப்போனது வெளியே வரும்போது கிழித்த இடத்திலிருந்து வந்தது. அதை நாமே பார்த்து முடிவு செய்யக்கூடாது, கர்ப்ப காலத்தில் எந்த ரத்தமாக இருந்தாலும் உடனே வரவேண்டும், வந்தது சரி என்றார். பொடிப் பொட்டலத்தைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் தன் குப்பைக் கூடையில் போட்டார். பொடி, விளக்கெண்ணெய், தெரிந்தவர் சொன்னது என எதுவும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்றார். இரும்பு மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார். இளக்கிக் கொடுக்கும் ஒரு சிரப்பை எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

இவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"ஆபீஸ்ல பாத்ரூம் இல்லையா?"

"இருக்குங்க டாக்டர். பூட்டியிருக்கும்."

"யாரு பூட்டறது?"

இவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஓனருங்க."

டாக்டரம்மாவுக்கு ஓனர் யார் என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டு எழுதினார். அவள் உன்னைக் குறை சொல்வதற்காக அப்படிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் அதுதான் சரியான சொல்லாக இருந்தது.

நீ வருவதற்குள் வீட்டில் சில விஷயங்கள் மாறியிருக்கும். பார்த்து ஆச்சரியப்படாதே. எழுந்ததும் வெதுவெதுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறாள், மடக்கு மடக்காக, குமட்டாத வேகத்தில். தோசைக்குப் பதில் ஆறின கம்பங்கூழ். அது அவளுக்கு வயிற்றில் நிற்கிறது. கீரை தினமும். கொய்யாவை டப்பாவில் போட்டுக் கொடுக்கிறேன். உருக்கின நெய்யைப் பாலில் விட்டுக் கொடு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் என்று அப்பா சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் நெய்யைத்தான் சொல்வார். சாப்பிட்டதும் அவளும் நானும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறோம். உன் அறைக் கழிப்பறையில் மேற்கத்திய கோப்பை. அவள் குட்டை, உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது. தொங்குகிற காலோடு முக்கக் கூடாதாம். பாதத்துக்குக் கீழே ஏதாவது வைத்து முழங்காலைத் தூக்கினால் இலகுவாகும் என்று டாக்டரம்மா சொன்னார். சட்டென்று கைக்குக் கிடைத்தது உங்கள் கல்யாணத்துக்குப் போட்ட மணை. அதை வைத்தேன். மறுநாள் அப்பா சாமி அறையில் நின்றுகொண்டு, மணையைக் காணோமே என்றார். பாத்ரூமில் இருக்கிறது என்றேன். சாயங்காலம் மரப்பெட்டி அடிக்கும் ஆசாரியிடம் சொல்லி, குட்டையாக, முனையெல்லாம் இழைத்த ஒரு முக்காலி வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஆசாரி யாருக்கு என்று கேட்டிருப்பார். தனக்குத்தான் என்று அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் கேட்டில் நின்று ஹாரன் அடிக்காதே. அவளுக்கு அந்த நேரத்தில் அவசரமில்லாமல் உட்காரக் கொஞ்ச நேரம் வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் உட்காருவது ஒரு பழக்கமாக வேண்டும். ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு மூடிக்கொள்கிறது. இன்னொன்று, சாயங்காலம் வந்ததும் அவளைக் கேள். வாந்தியைக் கேட்கிற மாதிரி இதையும் கேள். சிரிக்க வேண்டுமானால் சிரி, சிரித்துவிட்டு அடுத்த கேள்வியையும் கேள்.

மற்றது அந்தப் பூட்டு.

அழுக்காகும் என்பாய். ஆகும். கழுவ ஒரு ஆள் போடு. நீ வருகிற வாரத்திலேயே ஆடிட் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு டைல் உடைந்திருந்தால் ஆர்டர் போய்விடும் என்று நீ பயப்படுவதும் தெரியும். அந்தப் பயத்தை நான் சின்னதாகச் சொல்லமாட்டேன். அதில்தான் நாம் எல்லோரும் சாப்பிடுகிறோம். கிருத்திகாவுக்கு மட்டும் தனியாக ஒரு சாவி கொடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். அப்பாவும் அதைத்தான் சொன்னார். அவளிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் சாவி இருந்தா, செல்வியக்கா முன்னால பாட்டில எடுத்து எப்படிங்க அத்தை குடிக்கிறது?" என்றாள். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் அவளிடம் சொல்.

நீ மூன்றாவது, நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகவே மாட்டாய். நாற்றம் என்பாய், பசங்கள் கதவைத் தள்ளுகிறார்கள் என்பாய். காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் நான் முன்கதவு, நடுக்கதவு, கழிப்பறைக் கதவு மூன்றையும் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். நீ பையை வாசலிலேயே எறிந்துவிட்டு, ஷூவோடு, என்னைத் தாண்டி ஓடுவாய். யாரும் உன்னை எதுவும் கேட்டதில்லை. உன் நினைவில் அது இருக்காது. ஓடுகிறவனுக்குக் கதவு திறந்திருந்தது மட்டும்தான் தெரியும், யார் திறந்தார்கள் என்று தெரியாது.

நீ வந்தபிறகு பேசி முடிவு செய்யலாம் என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இனி எழுதுவது கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்தபிறகு.

கிருத்திகா இன்று என்னோடு ஆட்டோவில் தாமதமாகத்தான் கம்பெனிக்கு வந்தாள். பழனிச்சாமியிடம் சாவி கேட்டேன். "ஏனுங்க, ஆடிட் அடுத்த வாரமில்லீங்களா?" என்றார். ஆமாங்க என்று வாங்கிக்கொண்டேன். பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். டீ நேரம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே முதலில் உள்ளே போனேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். பிடித்தது. வெளியே வந்தபோது பழைய கழிப்பறை வரிசை கலைந்து இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது. யாரும் கிட்டே வரவில்லை. செல்வி மட்டும் கேட்டாள்.

"எம்மா, ஆடிட் இன்னைக்கா?"

"இல்ல" என்றேன்.

பிறகு தண்ணீர் கேன் இருந்த இடத்துக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, அங்கேயே நின்று குடித்தேன்.